‘ஆங்?’ என்று கேட்க ஆளில்லை

1982 செப்டம்பர். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், கணினித் துறையினர் எழுதிப் பேசிக்கொள்ள ஒரு மின்னணு அறிவிப்புப் பலகை இருந்தது. அதில் ஒருவர் இயற்பியல் புதிர் ஒன்றைப் போட்டார். கம்பி அறுந்து லிஃப்ட் ஒன்று கீழே விழுகிறது. உள்ளே சுவரில் ஒரு மெழுகுவர்த்தி எரிகிறது, தரையில் ஒரு துளி பாதரசம் கிடக்கிறது. விழும்போது இரண்டுக்கும் என்ன ஆகும்?

இன்னொருவருக்குக் குறும்பு பிறந்தது. அண்மையில் நடந்த சோதனையால் இடப்பக்க லிஃப்டில் பாதரசம் சிந்திவிட்டது, லேசான தீச்சேதமும் உண்டு, வெள்ளிக்கிழமை காலைக்குள் சுத்தம் செய்து முடித்துவிடுவார்கள் என்று ஓர் எச்சரிக்கை எழுதினார். புதிரைப் படித்திருந்தவர்கள் சிரித்தார்கள். எச்சரிக்கையை மட்டும் பார்த்தவர்கள் நம்பிவிட்டார்கள்.

அடுத்த சில நாள், வேடிக்கையாக எழுதுவதற்கு என்ன அடையாளம் வைக்கலாம் என்று பேச்சு ஓடியது. ஆளுக்கொரு குறி சொன்னார்கள். செப்டம்பர் 19 அன்று ஸ்காட் ஃபால்மன் என்ற ஆய்வாளர், ஒரு முக்காற்புள்ளி, ஒரு கோடு, ஒரு அடைப்புக்குறி ஆகியவற்றைச் சேர்த்து, தலையைச் சாய்த்துப் பார்த்தால் சிரித்த முகம் தெரியும் என்றார். இன்று நம் கைபேசியில் கொட்டிக் கிடக்கும் மஞ்சள் முகங்களுக்கெல்லாம் மூத்த அண்ணன் அதுதான்.

அந்தப் பலகையில் எழுதியவர்கள் அடிக்கடி நேரில் பார்த்துக்கொள்கிறவர்கள். படித்தவர்கள். யாருக்கும் யார்மேலும் பகை கிடையாது. அப்படியும் ஒரு நகைச்சுவை வழிதவறிவிட்டது. திரையில் நடக்கும் வாக்குவாதத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் கடைசிக் காட்சியிலிருந்து, அதாவது வசவிலிருந்து தொடங்குகிறார்கள். முதற்காட்சி இந்த லிஃப்டைப் போல ரொம்பச் சாதாரணமாகத்தான் இருக்கும்.

‘தான்’ செய்த வேலை

எங்கள் வீட்டு வாட்ஸ்அப் குழுவில் சென்ற ஆண்டு நடந்தது. அண்ணன் வீட்டுக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்தார்கள். கூடத்துச் சுவருக்கு அண்ணி தேர்ந்தெடுத்திருந்தது மாம்பழ மஞ்சள். படம் எடுத்துப் போட்டார். எனக்கு மனதாரப் பிடித்திருந்தது. ‘கலர் நல்லாத்தான் இருக்கு’ என்று எழுதிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். இரண்டு நாள் குழுவில் அண்ணியிடமிருந்து ஒரு சொல் இல்லை. மூன்றாம் நாள் அம்மா சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. உடனே போன் போட்டேன்.

“நல்லா இருக்குன்னு எழுதியிருந்தா போதுமே தம்பி. நல்லாத்தான் இருக்குன்னா என்ன அர்த்தம்? வேற வழியில்லாம சொல்ற மாதிரில்ல இருக்கு?”

அண்ணி சொன்னது சரி. ‘நல்லாத்தான்’ என்பதை அழுத்திச் சொன்னால் பாராட்டு. அதையே இழுத்து, புருவத்தைத் தூக்கிச் சொன்னால் குறை. இரண்டுக்கும் எழுத்து ஒன்றே. எழுதும்போது என் காதில் பாராட்டின் குரல் ஒலித்தது. படித்தபோது அண்ணியின் காதில் மற்றது ஒலித்திருக்கிறது.

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். ஜஸ்டின் குரூகர், நிக்கலஸ் எப்லி ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், சிலரைக் கிண்டலாகவும் சீரியஸாகவும் சில வாக்கியங்களைச் சொல்லச் சொன்னார்கள். பாதி குரலில், பாதி மின்னஞ்சலில். எதிராளி எவ்வளவு சரியாகப் பிரித்தறிவார் என்று கேட்டபோது, இரண்டு வழியிலும் ஏறக்குறைய 78 சதவீதம் என்றார்கள். குரலில் கேட்டவர்கள் 73 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். மின்னஞ்சலில் படித்தவர்கள் 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னாலே 50 வந்துவிடும். ஆபத்து இந்த 56இல் மட்டும் இல்லை. எழுதியவருக்கு 78 என்ற நம்பிக்கை இருக்கிறதே, அதில்தான். புரியவில்லையோ என்ற சந்தேகமே அவருக்கு எழாது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் என்ற மாணவி செய்த சோதனை இதைக் காட்டுகிறது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை மனதில் பாடிக்கொண்டே மேசையில் விரலால் தாளம் தட்ட வேண்டும். எதிரே இருப்பவர் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பேராவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நினைத்தார்கள். 120 பாட்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுகிறவரின் மண்டைக்குள் முழுப் பாட்டும் ஓடுகிறது. எதிரே இருப்பவருக்கு அது வெறும் டொக் டொக். திரையில் எழுதும் நாமெல்லோரும் அந்த மேசையில் தட்டிக்கொண்டிருப்பவர்கள்தாம்.

பேச்சுக்குள் இருக்கும் பழுதுபார்ப்பு

நேரில் பேசும்போது மட்டும் எல்லாம் புரிந்துவிடுகிறதா? இல்லை. நேரிலும் தவறிக்கொண்டேதான் இருக்கிறது. ஆனால் தவறிய இடத்திலேயே ஒட்டுப்போட்டுவிடுகிறோம்.

நெதர்லாந்தின் நைமேகன் நகரில், மொழி உளவியலுக்கான மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தைச் சேர்ந்த மார்க் டிங்கமான்சும் அவருடைய கூட்டாளிகளும் உலகின் பல மூலைகளில் பேசப்படும் 12 மொழிகளில் இயல்பான உரையாடல்களைப் பதிவு செய்து ஆராய்ந்தார்கள். 2015இல் வெளியான முடிவு: சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒரு முறை யாராவது ஒருவர் குறுக்கிட்டு, ‘என்ன சொன்னே?’, ‘யாரு?’, ‘அப்படியா சொல்றே?’ என்ற வகையில் விளக்கம் கேட்கிறார். நம் ஊர்ப் பேச்சில் வரும் ‘ஆங்?’ அந்த வேலையைத்தான் செய்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மொழிகளிலும் இந்தச் சொல் ஏறக்குறைய ஒரே ஒலியில் இருப்பதை அதே குழு முன்னதாகக் கண்டறிந்து, அதற்காக 2015இல் இக் நோபல் பரிசும் வாங்கியது. சிரிக்க வைத்துப் பிறகு சிந்திக்க வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் பரிசு அது.

இந்த ஒட்டுவேலை எவ்வளவு வேகமாக நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 10 மொழிகளில் நடத்தப்பட்ட இன்னோர் ஆய்வில், ஒருவர் கேள்வியை முடிப்பதற்கும் மற்றவர் பதிலைத் தொடங்குவதற்கும் இடையே சராசரியாக ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குதான் கழிகிறது என்று தெரிந்தது. ஏறக்குறைய இமைக்கும் பொழுது. அதற்குள் எதிராளி முகம் சுருங்கினால், சொல்லவந்த வாக்கியத்தையே பாதியில் திருப்பிவிடுகிறோம். நடுநடுவே வரும் ‘ம்’, ‘சரி’, தலையாட்டல் எல்லாம், ‘இதுவரை புரிகிறது, மேலே போ’ என்ற பச்சைக்கொடி.

திரையில் இது எதுவும் இல்லை. நான் ஐந்து பத்தி எழுதி முடிக்கும்வரை எதிராளியின் ‘ம்’ எனக்குக் கேட்காது. முதல் பத்தியிலேயே அவர் தவறாகப் புரிந்துகொண்டால் மற்ற நான்கையும் அந்தத் தவறின் மேலேயே அடுக்குகிறார். பதிலுக்கு அவரும் ஐந்து பத்தி எழுதுகிறார். 1.4 நிமிடத்துக்கு ஒரு முறை நடக்க வேண்டிய பழுதுபார்ப்பு, ஒரு நாளைக்கு ஒரு முறைகூட நடப்பதில்லை. அண்ணிக்கும் எனக்கும் இரண்டு நாள் ஆனது, நேரில் என்றால், “தான்னா?” என்று ஒரு சொல்லில் முடிந்திருக்கும்.

முகதாட்சண்யம்

குழப்பத்திலிருந்து கோபத்துக்குப் போவது அடுத்த கட்டம். ஒருவரை எதிரே வைத்துக்கொண்டு கடுஞ்சொல் சொல்ல வாய் வராமல் போவதற்குத் தமிழில் அருமையான ஒரு சொல் இருக்கிறது: முகதாட்சண்யம். முகத்தைப் பார்த்ததால் வரும் தயக்கம். அந்த முகம் இல்லாத இடத்தில் தயக்கம் என்ன ஆகும் என்பதை 2004இல் ஜான் சூலர் என்ற அமெரிக்க உளவியலாளர் விரிவாக எழுதினார். பெயர் தெரியாது, ஆள் தெரியாது, பதில் உடனே வராது, அதட்டப் பெரியவர் யாரும் இல்லை, எதிராளியின் குரலும் நம் கற்பனையிலேயே ஒலிக்கிறது. இவையெல்லாம் சேர்ந்து கட்டை அவிழ்த்துவிடுகின்றன என்பது அவர் வாதம். அவிழ்ந்த கட்டு இரண்டு பக்கமும் வேலை செய்யும் என்றும் அவர் சொன்னார். யாரிடமும் சொல்லாத துக்கத்தை முன்பின் தெரியாதவரிடம் எழுதி ஆறுதல் பெறுவதும் அதனால்தான்.

கட்டை அவிழ்க்கும் இந்தக் காரணங்களில் எது கனமானது? இஸ்ரேலின் ஹைஃபா பல்கலைக்கழகத்தில் நோவாம் லப்பிடோட்-லெஃப்லரும் அஸி பராக்கும் 142 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஓர் இக்கட்டைக் கொடுத்தார்கள். உயிர்காக்கும் மருந்து ஒன்றுதான் இருக்கிறது, அது யாருக்கு என்று கணினி வழியாக வாதாடித் தீர்க்க வேண்டும். சிலருக்குப் பெயர் தெரிந்தது, சிலருக்குத் தெரியவில்லை. சிலருக்குக் கேமராவில் எதிராளியின் உருவம் மட்டும் தெரிந்தது. சிலருக்குக் கண்ணோடு கண் பார்க்க முடிந்தது. 2012இல் வெளியான முடிவின்படி, வசவையும் மிரட்டலையும் அதிகமாகத் தூண்டியது பெயர் மறைவு இல்லை. கண் பார்வை இல்லாமல் போனதுதான்.

தென்கொரியா இதே பாடத்தை ஒரு நாடளவில், பெருஞ்செலவில் படித்தது. பெரிய இணையதளங்களில் பின்னூட்டம் எழுதுகிறவர் தம் உண்மை அடையாளத்தை முதலில் நிரூபிக்க வேண்டும் என்று 2007இல் அங்கே சட்டம் வந்தது. பெயர் தெரிந்தால் வாய் அடங்கும் என்பது கணக்கு. ஆனால் தீய பின்னூட்டங்கள் 1 சதவீதப் புள்ளிக்கும் குறைவாகத்தான் குறைந்தன. இணையதளங்களில் குவிந்த அடையாள விவரங்களோ திருடர்களுக்கு விருந்தாயின. 2011இல் ஒரே ஊடுருவலில் சுமார் மூன்றரைக் கோடிக் கணக்குகளின் விவரங்கள் களவு போயின. 2012 ஆகஸ்டில் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், நீதிபதிகள் அனைவரும் ஒருமித்து, அந்தச் சட்டத்தை ரத்து செய்தது.

குரலுக்கும் இதில் பங்கு உண்டு. ஜூலியானா ஷ்ரோடர், எப்லி ஆகியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், தமக்குப் பிடிக்காத கருத்தை ஒருவர் சொல்வதைச் சிலர் வீடியோவில் பார்த்தார்கள், சிலர் ஒலியாகக் கேட்டார்கள், சிலர் அதே சொற்களை எழுத்தில் படித்தார்கள். படித்தவர்கள், சொன்னவரை யோசிக்கத் தெரியாதவர், உணர்ச்சி மழுங்கியவர் என்ற பக்கம் சாய்த்து மதிப்பிட்டார்கள். கேட்டவர்கள் அந்த அளவுக்குப் போகவில்லை. வீடியோ சேர்த்தாலும் ஒலியை விடப் பெரிய மாற்றம் இல்லை. குரலில் உள்ள தயக்கமும் ஏற்ற இறக்கமும், இந்த ஆள் யோசித்துத்தான் பேசுகிறார் என்று காட்டிக்கொடுத்துவிடுகின்றன.

வம்பு செய்கிறவர் யார்?

வம்பர்கள் என்று தனி இனம் ஒன்று இருப்பதாகவும், அவர்களை விலக்கிவிட்டால் திரை சுத்தமாகிவிடும் என்றும் நமக்கு ஒரு நினைப்பு. ஸ்டான்ஃபோர்டு, கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் இதைச் சோதித்தார்கள். 667 பேரில் சிலருக்கு எளிய வினாத்தாளும், சிலருக்கு எரிச்சலூட்டும் கடினமான தாளும் கொடுத்தார்கள். பிறகு ஒரு செய்தியைப் படித்துக் கருத்து எழுதச் சொன்னார்கள். சிலருக்கு முன்னால் நல்ல கருத்துகள் இருந்தன, சிலருக்கு முன்னால் வம்பு எழுத்துகள். மனமும் நன்றாக, சூழலும் நன்றாக இருந்தபோது வம்பாக அமைந்த கருத்துகள் 35 சதவீதம். இரண்டும் கெட்டிருந்தபோது 68 சதவீதம். கூடவே ஒரு செய்தித் தளத்தின் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பின்னூட்டங்களை அலசியபோது, வம்பு இரவில் கூடுவதும் வாரத் தொடக்கத்தில் கூடுவதும் தெரிந்தன. திங்கட்கிழமை அலுப்பு என்பது அலுவலகத்தோடு நின்றுவிடுவதில்லை.

விக்கிப்பீடியாவின் உரையாடல் பக்கங்களை ஆராய்ந்தவர்களும் அதே ஆண்டு இதற்குப் பக்கத்தில் வந்து நின்றார்கள். அங்கே நடக்கும் தனிநபர் தாக்குதல்களில் பெரும்பகுதி, ஒரு சில போக்கிரிகளின் வேலையும் இல்லை, பெயரில்லாமல் எழுதுவோரின் வேலையும் இல்லை. எப்போதாவது ஒருமுறை நிதானம் இழந்த சாதாரணமானவர்கள் செய்தவை.

ஆனால் கதையை இங்கேயே முடித்தால் அது அரைக்கதை. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் அலெக்சாண்டர் போர், மைக்கேல் பேங் பீட்டர்சன் இருவரும் அமெரிக்காவிலும் டென்மார்க்கிலும் ஆயிரக்கணக்கானோரிடம் அரசியல் வாதங்களைப் பற்றி ஆராய்ந்தார்கள். திரையில் கடுகடுப்பவர்கள் நேரிலும் கடுகடுப்பவர்களே என்று தெரிந்தது. நல்லவரைத் திரை கெட்டவராக மாற்றுகிறது என்பதற்கு அரசியல் பேச்சில் வலுவான சான்று கிடைக்கவில்லை. மாறுவது வீச்சு. டீக்கடையில் ஒருவர் கத்தினால் பெஞ்சில் இருக்கும் ஆறு பேருக்குக் கேட்கும். திரையில் அதே ஆளை ஊரே கேட்கிறது. ஆக, வாடிக்கையாகச் சண்டை போடும் சிலரின் சத்தம் எல்லோர் காதிலும் விழுகிறது. அதைப் பார்த்து, அலுத்துப்போன ஒரு திங்கட்கிழமை இரவில், நாமும் ஒரு வரி சேர்க்கிறோம்.

விலக்கிவிட ஆளில்லாத சண்டை

தெருக்குழாயடியில் வாய்த்தகராறு நடந்தால் கூட்டம் சேரும். சிலர் ஏற்றிவிடுவார்கள். ஆனால் கட்டாயம் ஒருவர், “விடுக்கா, போதும்” என்று கையைப் பிடித்து இழுத்துப் போவார். தண்ணீர் நின்றதும் கூட்டம் கலையும். மறுநாள் காலை சண்டை நினைவில்தான் இருக்கும்.

திரையில் கூட்டம் மட்டும் உண்டு. கையைப் பிடிக்க ஆளில்லை. எழுதியது அப்படியே கிடக்கிறது. நாளைக்கு வருகிறவர் அதைப் படித்து மறுபடி பற்றவைக்கிறார். அதோடு, கூட்டம் கைதட்டுவது எண்ணாகத் தெரிகிறது. யேல் பல்கலைக்கழகத்தின் வில்லியம் பிராடியும் மோலி கிராக்கெட்டும் 7,331 பேரின் 1.27 கோடி ட்வீட்களை ஆராய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவு இது: கொதித்து எழுதியதற்கு அதிக விருப்பக்குறி பெற்றவர், பிற்பாடு இன்னும் அதிகமாகக் கொதித்து எழுதுகிறார். கோபம் பாதி, பழக்கம் பாதி. பேசுவது எதிராளியோடுதானா, சுற்றி நிற்பவர்களுக்காகவா என்பது எழுதுகிறவருக்கே தெரியாமல் போகிறது.

வார்த்தை தடிக்கும் இடம்

சண்டை வரப்போவதை முன்கூட்டியே மோப்பம் பிடிக்க முடியுமா? 2018இல் கார்னெல் ஆய்வாளர்களும் சில கூட்டாளிகளும் விக்கிப்பீடியாவில் நடந்த 1,270 உரையாடல்களை எடுத்தார்கள். எல்லாம் மரியாதையாகத் தொடங்கியவை. பாதி, பின்னால் வசவில் முடிந்தவை. முதல் இரண்டு பதிவுகளை மட்டும் காட்டி, எது கெட்டுப்போகும் என்று கேட்டபோது, மனிதர்கள் 72 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். கெட்டுப்போன உரையாடல்களின் தொடக்கத்தில் அதிகம் தென்பட்டவை நேரடியான கேள்விகளும், முன்னிலையில் தொடங்கும் வாக்கியங்களும். பிழைத்த உரையாடல்களில் நன்றியும் வணக்கமும், ‘எனக்கு இப்படித் தோன்றுகிறது’ என்ற தயக்கமும் இருந்தன.

தமிழருக்கு இதில் கூடுதல் சிக்கல். ‘நீ’, ‘நீங்கள்’ என்பதை எழுதாமல் விட்டாலும் வினைச்சொல்லின் வால் காட்டிக்கொடுத்துவிடும். ‘தெரியாம பேசுறீங்க’ என்பது ‘தெரியாம பேசுறே’ ஆகும்போதே வார்த்தை தடித்துவிட்டது. அதற்குப் பிறகு பேசப்படும் பொருள் எதுவானாலும், சண்டை அந்த ஒருமையைப் பற்றியதுதான்.

சரி, வாதம் செய்து யாராவது மனம் மாறியிருக்கிறார்களா? மாறுகிறார்கள். ரெட்டிட் என்ற இணைய விவாதத் தளத்தில் ‘என் கருத்தை மாற்றுங்கள்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு பகுதி இருக்கிறது. தம் கருத்தை ஒருவர் முன்வைப்பார், மற்றவர்கள் மறுப்பார்கள், மனம் மாறினால் மாற்றியவருக்கு டெல்டா என்ற குறியை வழங்குவார். அங்கே நடந்த வாதங்களை ஆராய்ந்து கார்னெல் குழுவினர் 2016இல் சொன்னவை கவனிக்கத்தக்கவை. எதிராளியின் சொற்களையே திருப்பி எறிந்தவர்களை விட, வேறு சொற்களில், வேறு கோணத்திலிருந்து வந்தவர்கள் அதிகம் வென்றார்கள். ‘இருக்கலாம்’, ‘பெரும்பாலும்’ என்று இடம் விட்டுப் பேசியவர்கள் தோற்கவில்லை. ஒரே ஆளோடு ஐந்து சுற்றுக்கு மேல் மல்லுக்கட்டினால் மனம் மாறும் வாய்ப்பு ஏறக்குறைய இல்லை. ஆறாவது பதிலைத் தட்டும் விரல்களுக்கு இது ஒரு நல்ல செய்தி: இனிமேல் எழுதுவது வீண்.

இடத்தை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. ரெட்டிட்டின் அறிவியல் பகுதியில் 2,190 உரையாடல்களில் நேதன் மட்டியாஸ் ஓர் எளிய சோதனை செய்தார். சில உரையாடல்களின் தலையில் மட்டும் விதிகளை எழுதி, பலரும் இவற்றை ஏற்கிறார்கள் என்றும் சேர்த்து ஒட்டிவைத்தார். ஒட்டிய இடங்களில் புதியவர்கள் விதிமீறுவது குறைந்தது. இன்னும் வியப்பு, பேச வந்த புதியவர்களின் எண்ணிக்கை சராசரியாக 70 சதவீதம் கூடியது. சட்டதிட்டம் எழுதிவைத்தால் ஆள் வரமாட்டார்கள் என்ற பயம் பொய்த்தது. அடி விழாது என்று தெரிந்தால், வாசலில் தயங்கி நின்றவர்களும் உள்ளே வருகிறார்கள்.

ஃபால்மன் தம் சிரித்த முகத்தோடு ஒரு சோக முகத்தையும் அன்றே கொடுத்தார். சோகத்தைச் சொல்ல அவர் அதைக் கொடுக்கவில்லை. ‘இது வேடிக்கை இல்லை, உண்மையாகத்தான் சொல்கிறேன்’ என்று காட்டக் கொடுத்தார். அதுவே இன்று வருத்தத்தின் அடையாளம். கட்டைவிரலை உயர்த்திக் காட்டும் படத்தைச் சிலர் ‘சரி’ என்று படிக்கிறார்கள். சிலர் ‘போதும், நிறுத்து’ என்று படிக்கிறார்கள். குழப்பத்தைத் தீர்க்க வந்த குறியே குழப்பத்துக்குள் மாட்டிக்கொள்கிறது.

சென்ற வாரம் அண்ணி புதுத் திரைச்சீலையின் படத்தைக் குழுவில் போட்டார். அதன் கீழே அண்ணன் மகன் ‘ம்ம்’ என்று மட்டும் எழுதியிருந்தான். ஐந்து நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு அண்ணியே எழுதினார்: “ம்ம்னா நல்லா இருக்கா, இல்லையாடா?”

“சூப்பர்ம்மா. சாப்பிட்டுக்கிட்டு இருந்தேன், ஒரு கைலதான் டைப் பண்ண முடிஞ்சது.”